எஞ்சின் பிளாக்கில் கோர் பிளக் ஒழுகுகிறதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அம்பாசடர், பத்மினி, பழைய ஜீப் என்று வார்ப்பிரும்பு பிளாக் உள்ள வண்டிகளை இன்றும் ஆசையாக வைத்து ஓட்டுபவர்கள், என்றைக்காவது ஒருநாள் இந்த ஒழுகலைச் சந்தித்தே தீருவார்கள். ஒழுகுவது ஒரு சின்னத் தகட்டு மூடி. அதை மாற்றுவது பாதி வேலைதான். அதை அரித்துத் தின்ற தண்ணீரை மாற்றுவதுதான் மீதிப் பாதி. பல பட்டறைகளில் முதல் பாதியோடு வண்டியைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள். அதனால்தான் அதே வண்டி திரும்பவும் அதே குறையோடு வந்து நிற்கிறது.

கோர் பிளக் என்பது என்ன? எங்கே இருக்கிறது?

எஞ்சின் பிளாக் மணல் அச்சில் வார்க்கப்படுகிறது. சிலிண்டர்களைச் சுற்றித் தண்ணீர் ஓடுவதற்கு உள்ளே வெற்றிடம் வேண்டும். அந்த வெற்றிடத்தின் வடிவத்தில் மணலால் ஒரு கரு செய்து, அச்சுக்குள் தாங்கி நிற்கவைத்து, அதைச் சுற்றி உருக்கிய இரும்பை ஊற்றுகிறார்கள். கோவையில் வார்ப்பட ஆலைப் பக்கம் போய்வந்தவர்களுக்கு இது பழகிய காட்சி. இரும்பு ஆறியதும் அந்த மணலை உடைத்து வெளியே கொட்ட வழி வேண்டும். அந்த வழிகள்தான் பிளாக்கின் பக்கவாட்டிலும் பின்பக்கத்திலும் தெரியும் வட்டத் துளைகள். அவற்றைக் கடைந்து சீராக்கி, தகட்டு மூடியை இறுக்கமாக அடித்து மூடுகிறார்கள். அதுதான் கோர் பிளக். ஃப்ரீஸ் பிளக், வெல்ச் பிளக் என்று கேட்டாலும் கடையில் இதையே எடுத்துக் கொடுப்பார்கள். பல எஞ்சின்களில் சிலிண்டர் ஹெட்டிலும் ஒன்றிரண்டு இருக்கும்.

குளிரில் தண்ணீர் உறைந்தால் பிளாக் வெடிக்காமல் காப்பதற்குத்தான் இது என்கிறார்களே?

அதற்காக வைக்கப்பட்டதல்ல. தண்ணீர் உறையும்போது அதன் பருமன் சுமார் 9 சதவீதம் கூடும். அந்த அழுத்தத்தில் சில சமயம் பிளக் முதலில் பிதுங்கி வெளியே வந்து பிளாக் தப்பிப்பதும் உண்டு. பிளக் அப்படியே இருக்க, பிளாக்கில் விரிசல் விழுந்ததும் உண்டு. இதை ஒரு பாதுகாப்பு ஏற்பாடாக நம்பவே கூடாது.

ஊட்டியில் டிசம்பர், ஜனவரியில் புல்வெளி வெளுக்கும் அளவுக்கு உறைபனி விழும். அந்த ஒன்றிரண்டு டிகிரிக்குப் பிளாக்கில் விரிசல் விழாது. லடாக் போகிறவர்கள் கதை வேறு. அங்கே வெறும் தண்ணீரோடு வண்டியை இரவில் நிறுத்துவது எஞ்சினைப் பணயம் வைப்பதற்குச் சமம். தண்ணீரோடு பாதிக்குப் பாதி கலந்த கூலன்ட் (உறைவதையும் துருவையும் தடுக்க ரேடியேட்டரில் ஊற்றும் திரவம்) மைனஸ் 37 டிகிரி வரை உறையாமல் தாங்கும்.

ஒழுகுவது கோர் பிளக்தான் என்று எப்படி உறுதிப்படுத்துவது?

எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு டார்ச் அடித்துப் பாருங்கள். பிளக்கின் கீழ் விளிம்பிலிருந்து பிளாக் மேல் துரு நிறத்திலோ, காய்ந்துபோன பச்சை, வெள்ளை நிறத்திலோ ஒரு கோடு இறங்கியிருந்தால் சந்தேகம் வலுக்கிறது. ஆனால் தண்ணீர் காற்றில் பின்னோக்கித் தள்ளப்பட்டு எங்கோ போய்ச் சொட்டும். வாட்டர் பம்ப்பின் அடியில் உள்ள சிறு கசிவுத் துளை, ஹீட்டர் ஹோஸின் கிளிப், தெர்மோஸ்டாட் மூடி, ஹெட் கேஸ்கட்டின் ஓரம் ஆகியவற்றையும் பார்த்துவிட்டுத்தான் பிளக்கின் மேல் பழி போட வேண்டும்.

நம்பகமான வழி அழுத்தச் சோதனை. ரேடியேட்டர் மூடியைக் கழற்றி, அந்த இடத்தில் கைப்பம்பு உள்ள சோதனைக் கருவியை மாட்டி, மூடியில் பொறித்திருக்கும் அழுத்தம் வரை ஏற்றுங்கள். பழைய வண்டிகளில் அது 0.5 பார் அளவில்கூட இருக்கும், பிந்தைய வண்டிகளில் 0.9 முதல் 1.1 பார் வரை போகும். மூடியில் உள்ளதைவிட ஏற்றினால் நன்றாக இருந்த ரேடியேட்டரும் ஒழுகத் தொடங்கலாம். முள் இறங்கினால் எங்கோ கசிகிறது. எஞ்சின் ஓடாதபோது, சூடும் இல்லாமல், ஃபேன் காற்றும் இல்லாமல் தேடுவதால் கசிவு கண்ணில் படும். துளித்துளியாகத் திரள்வதை விரலால் தொட்டே பார்க்கலாம்.

எஞ்சினும் கியர் பாக்ஸும் சேரும் இடத்தின் அடியில் எண்ணெய்க்குப் பதில் தண்ணீர் சொட்டினால், ஃப்ளைவீலுக்குப் பின்னால் உள்ள பிளக்காக இருக்க வாய்ப்பு அதிகம்.

கூலன்ட் ஊற்றிய பிறகுதான் ஒழுக ஆரம்பித்தது. அப்படியானால் கூலன்ட்தானே காரணம்?

இந்த ஒரு எண்ணத்தால் எத்தனையோ பேர் கூலன்ட்டைக் கொட்டிவிட்டு மறுபடி குழாய்த் தண்ணீருக்கே போய்விட்டார்கள். நடந்தது வேறு. பல வருடம் வெறும் தண்ணீரில் ஓடிய வண்டியில் பிளக் எப்போதோ ஓட்டையாகியிருக்கும். அந்த ஓட்டையைத் துருவும் உப்புப் படிவும் சேர்ந்து அடைத்துக்கொண்டிருக்கும். கூலன்ட் அந்தப் படிவைத் தளர்த்துகிறது, தண்ணீர் நுழையாத இடுக்கிலும் நுழைகிறது. அதனால் மறைந்திருந்த ஓட்டை வெளியே தெரிகிறது. ஓட்டையை உண்டாக்கியது பழைய தண்ணீர். கூலன்ட் அதைக் காட்டிக்கொடுத்தது, அவ்வளவுதான்.

பிளக் ஏன் அரிக்கிறது?

வெளியிலிருந்து பார்த்தால் பெயின்ட் கூடப் போகாமல் புதிதுபோல் இருக்கும் பிளக்கைக் கழற்றித் திருப்பிப் பாருங்கள். உட்புறம் முழுக்கக் கரும்பழுப்பில் குழி குழியாக இருக்கும். ஓரிடத்தில் தகடு காகிதம்போல் மெலிந்து, நகத்தால் அழுத்தினாலே உள்ளே போகும். அரிப்பு முழுவதும் உள்ளிருந்து வெளியே வருகிறது. அதனால்தான் ஒழுகும் நாள் வரை யாருக்கும் தெரிவதில்லை.

பிளாக் தடித்த வார்ப்பிரும்பு, பிளக்கோ மெல்லிய எஃகுத் தகடு. ஒரே துரு இரண்டையும் தின்றாலும் முதலில் தோற்பது மெல்லியதுதான். வெறும் தண்ணீரில் துருவைத் தடுக்கும் எதுவும் இல்லை. போர் தண்ணீராக இருந்தால் அதில் கரைந்திருக்கும் உப்பு அரிப்பை வேகப்படுத்தும், சுண்ணாம்பு சூடான சுவர்களில் படிந்து வெப்பம் வெளியேறாமல் தடுக்கும். கடலோர ஊர்களில் போர் தண்ணீரை வாயில் வைத்தாலே உப்புக் கரிக்கும். அதையே ரேடியேட்டரில் ஊற்றுகிறார்கள்.

கூலன்ட்டும் என்றென்றைக்கும் காப்பாற்றாது. அதில் உள்ள துருத்தடுப்பு மருந்துகள் நாளடைவில் தீர்ந்துபோகும். பழைய வகைப் பச்சைக் கூலன்ட் பெரும்பாலும் 2 வருடம் தாங்கும், நீண்ட ஆயுள் வகைகள் 5 வருடம் வரை தாங்கும். நிறம் நன்றாக இருக்கிறது என்று விட்டுவிடக்கூடாது. நிறம் வெறும் சாயம்தான்.

எம்-சீல் வைத்து அடைத்துவிட்டால் போதாதா? கசிவடைக்கும் திரவம் ஊற்றலாமா?

எம்-சீல் வெளியே ஒட்டுகிறது, அழுத்தமோ உள்ளேயிருந்து தள்ளுகிறது. சூடாகிக் குளிர்ந்து, சூடாகிக் குளிர்ந்து அது பெயர்ந்துவிடும். வழியில் மாட்டிக்கொண்டு, பக்கத்து ஊர் வரை போய்ச்சேர வேண்டும் என்றால் குறை சொல்ல மாட்டேன். அதை முடிந்த வேலையாகக் காட்டிக் காசு வாங்குவதுதான் தவறு.

கசிவடைக்கும் திரவத்துக்கு எந்த ஓட்டையை அடைக்க வேண்டும் என்று தெரியாது. ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களிலும் ஹீட்டரிலும் அதே பசை படியும். ஒரு தகட்டு மூடியின் செலவை மிச்சப்படுத்தப் போய் ரேடியேட்டரை இழக்க வேண்டாம்.

சொட்டுச் சொட்டாகத்தான் ஒழுகுகிறது. அப்படியே ஓட்டலாமா?

பக்கத்துப் பட்டறை வரை ஓட்டலாம், தண்ணீர் அளவையும் வெப்பமானியையும் பார்த்துக்கொண்டே. நெடுந்தூரப் பயணம் கூடாது. மெலிந்த தகடு அழுத்தத்தில் திடீரென்று கிழியக்கூடியது. கிழிந்தால் சில நிமிடங்களில் தண்ணீர் மொத்தமும் போய்விடும். தண்ணீர் அடியோடு போன பிறகு, வெப்பமானியின் உணர்கருவி வெறும் நீராவியில் நிற்பதால் முள் சரியாகக் காட்டாமலும் போகலாம். ஹெட் வளைந்த பிறகுதான் விஷயமே தெரியும். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள்.

ஒழுகுகிற ஒன்றை மட்டும் மாற்றினால் ஆகாதா?

எல்லாப் பிளக்கும் ஒரே நாளில் அடிக்கப்பட்டவை, ஒரே தண்ணீரில் நின்றவை. ஒன்று ஓட்டையானால் மற்றவை அதற்குப் பின்னால் வரிசையில் நிற்கின்றன. கை எட்டும் எல்லாவற்றையும் ஒரே தடவையில் மாற்றிவிடுங்கள். கை எட்டாதது ஒன்று, அதற்காகக் கியர் பாக்ஸை இறக்க வேண்டும், அது இன்னும் ஒழுகவில்லை என்றால், அடுத்த கிளட்ச் வேலை வரும்வரை தள்ளிப்போடலாம். கிளட்ச்சுக்காகக் கியர் பாக்ஸ் இறங்கிய பிறகு அந்தப் பிளக்கை மாற்றாமல் ஏற்றுவதற்கு மட்டும் எந்த நியாயமும் இல்லை. பின்பக்க ஆயில் சீலையும் அப்போதே பார்த்துவிட வேண்டும்.

எஞ்சினை இறக்க வேண்டுமா?

பெரும்பாலும் வேண்டாம். பக்கவாட்டுப் பிளக்குகளுக்கு எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட், ஸ்டார்ட்டர், டைனமோ இவற்றில் ஏதாவது ஒன்றைக் கழற்றினால் வழி கிடைக்கும். எஞ்சின் மவுன்ட்டுக்குப் பின்னால் ஒளிந்திருந்தால், எஞ்சினை அடியில் தாங்கிக்கொண்டு மவுன்ட்டைக் கழற்ற வேண்டும். வண்டிக்கு அடியில் போவதாக இருந்தால் ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்ட் போடுங்கள்.

பித்தளையா, எஃகா? அளவு எப்படி எடுப்பது?

பித்தளை துருப்பிடிக்காது, மிருதுவாக இருப்பதால் துளையோடு நன்றாகப் பொருந்தி உட்காரும். வார்ப்பிரும்பு பிளாக்குக்கு என் தேர்வு எப்போதும் பித்தளைதான். விலை வித்தியாசம், கூலியோடு பார்த்தால் ஒன்றுமே இல்லை. துத்தநாகம் பூசிய எஃகும் மோசமில்லை, கூலன்ட் ஒழுங்காக மாற்றினால் பல வருடம் வரும். அலுமினிய பிளாக் உள்ள பிந்தைய வண்டிகளில் தயாரிப்பாளர் வைத்த வகையையே வாங்குங்கள்.

அளவைப் பழைய பிளக்கில் எடுக்காதீர்கள். கழற்றும்போது அது நசுங்கியிருக்கும். துளையைத் துடைத்துவிட்டு வெர்னியரில் இரண்டு மூன்று திசைகளில் அளந்து பாருங்கள். பிளக் துளையைவிட ஒரு நூலிழை பெரிதாக இருக்க வேண்டும். கையால் தள்ளினாலே உள்ளே போகிற பிளக் நிற்காது. பழைய வண்டிகளுக்குச் சென்னைப் புதுப்பேட்டையில் தேடுகிறவர்கள் வண்டியின் பெயரோடு துளையின் அளவையும் எழுதிக்கொண்டு போவது நல்லது. இத்தனை வருடத்தில் அந்த பிளாக்கை யாராவது கடைந்து அளவைக் கூட்டியிருக்கவும் கூடும்.

எப்படிக் கழற்றுவது?

எஞ்சின் முழுவதும் ஆறட்டும். ரேடியேட்டரை மட்டும் வடித்தால் போதாது. பிளாக்கின் அடியில் தனியாக ஒரு வடிகால் குழாயோ போல்ட்டோ இருக்கும், அதையும் திறக்க வேண்டும். திறந்தும் ஒன்றும் வரவில்லை என்றால் உள்ளே சேறு அடைத்திருக்கிறது. கம்பியால் குத்திவிடுங்கள். வடித்த கூலன்ட்டைச் சாக்கடையில் விடாமல் மூடியுள்ள பாத்திரத்தில் பிடியுங்கள். அதில் உள்ள எத்திலீன் கிளைக்கால் இனிக்கும் நஞ்சு. தெரு நாய்கள் நக்கிக் குடித்துச் சாகின்றன.

கிண்ண வடிவப் பிளக் என்றால், மழுங்கிய பஞ்ச்சைக் கிண்ணத்தின் உள்ளே ஓர் ஓரத்தில் வைத்துச் சுத்தியலால் அடியுங்கள். அடித்த ஓரம் உள்ளே போக, எதிர் ஓரம் வெளியே வரும். பிளக் துளைக்குள்ளேயே குறுக்காகத் திரும்பி நிற்கும். வெளியே நீட்டும் விளிம்பைப் பூட்டுக் குறட்டால் இறுகக் கடித்து இழுத்தால் வந்துவிடும். நிதானமாக அடிக்க வேண்டும். ஒரே அடியில் முடிக்கப் பார்த்தால் முழுப் பிளக்கும் உள்ளே போய்விடும்.

லேசாகப் புடைத்த தட்டு வடிவப் பிளக் என்றால், நடுவில் ஒரு துளை போட்டு, திருப்புளியால் நெம்பி எடுக்கலாம். டிரில் பிட் தகட்டைத் தாண்டியதும் நின்றுவிட வேண்டும். அதற்குப் பின்னால் கொஞ்ச தூரத்திலேயே சிலிண்டர் சுவர் இருக்கிறது. எந்த வகையானாலும், நெம்பும்போது துளையின் ஓரத்தில் திருப்புளி கீறினால் அந்தக் கீறலே அடுத்த ஒழுகலுக்கு வழி.

பிளக் உள்ளே விழுந்துவிட்டது. விட்டுவிடலாமா?

கூடாது. அது தண்ணீர்ப் பாதையை மறைத்து நிற்கும், அல்லது சிலிண்டர் சுவரோடு ஒட்டிக்கொண்டு அங்கே தண்ணீர் படாமல் செய்யும். காந்தக் கோலாலோ வளைத்த கம்பியாலோ துளைக்கு நேரே கொண்டுவந்து, குறுக்காகத் திருப்பி இழுக்க வேண்டும். பித்தளைப் பிளக் காந்தத்தில் ஒட்டாது. பொறுமையைச் சோதிக்கும் வேலைதான், ஆனாலும் எடுத்தே ஆக வேண்டும்.

கழற்றியதும் புதியதை அடித்துவிடலாமா?

அவசரப்படாதீர்கள். வாட்டர் ஜாக்கெட்டுக்குள், அதாவது சிலிண்டர்களைச் சுற்றித் தண்ணீர் ஓடும் வெற்றிடத்துக்குள், விரல் போகும் அளவுக்கு வாசல் திறந்திருக்கும் ஒரே சமயம் இதுதான். விரலை விட்டுப் பாருங்கள். அடியில், குறிப்பாகப் பின் சிலிண்டரைச் சுற்றி, குழைந்த செம்பழுப்புச் சேறு நிற்கும். துருத்தூளும் சுண்ணாம்பும் சேர்ந்து இறுகியது. வார்த்த காலத்து மணல்கூடச் சில சமயம் அதில் நெருநெருக்கும். இந்தச் சேறு நிற்கும் இடத்தில் தண்ணீர் ஓடாது, சிலிண்டர் அங்கே மட்டும் கூடுதலாகச் சூடாகும். "ரேடியேட்டர் மாற்றியும் சூடு குறையவில்லை" என்ற புகாருக்குப் பல தடவை காரணம் இங்கேதான் இருக்கிறது. வளைத்த கம்பியால் கிளறிவிட்டு, ஹோஸை ஒவ்வொரு துளையிலும் வைத்துத் தண்ணீர் பீய்ச்சி, தெளிந்த தண்ணீர் வரும்வரை கழுவுங்கள். ரேடியேட்டரைப் பிரித்து வைத்துக்கொண்டு கழுவ வேண்டும். இல்லையென்றால் சேறு முழுவதும் அதற்குள் போய்ச் சேரும்.

பிறகு துளையின் சுவர். எமரி தாளை விரலில் சுற்றி வட்டமாகத் தேயுங்கள். உள்ளே வெளியே என்று இழுத்துத் தேய்த்தால் விழும் கோடுகள் வழியாகத் தண்ணீர் வெளியேறும். உலோகம் பளிச்சென்று தெரிந்ததும் தின்னரால் துடைத்துக் காயவிடுங்கள். ஆழமான குழிகள் இருந்தால், எஞ்சின் கடையும் பட்டறையில் துளையைச் சற்றே பெரிதாக்கி அதற்கேற்ற பெரிய பிளக் போடுவதுதான் சரி.

புதிய பிளக்கை எப்படி அடிப்பது?

கிண்ணத்தின் திறந்த பக்கம் வெளியே பார்க்க வேண்டும். பிளக்கின் வெளிச் சுவரிலும் துளையின் வாயிலும் சீலன்ட்டை மெல்லிதாகத் தடவுங்கள். முழுதும் இறுகிப்போகாத வகை கேஸ்கட் சீலன்ட் போதும். உருளை உதிரிகளை ஒட்டப் பயன்படும் ரிடெய்னிங் காம்பவுண்டும் நன்றாகப் பிடிக்கும். அள்ளிப் பூசினால் உள்ளே பிதுங்கும் பசை பிய்ந்து ரேடியேட்டருக்குப் போகும்.

கிண்ணத்துக்குள் சற்றுத் தளர்வாக நுழையும் சாக்கெட் ஒன்றை எடுத்து, எக்ஸ்டென்ஷன் கம்பியில் மாட்டிக்கொள்ளுங்கள். அடி கிண்ணத்தின் அடிப்பாகத்தில், சுவரையொட்டி விழ வேண்டும். விளிம்பில் அடித்தால் விளிம்பு மடங்கும், நடுவில் மட்டும் அடித்தால் அடித்தகடு குழிந்து சுவர் உள்வாங்கிப் பிடி தளரும். முதல் இரண்டு மூன்று தட்டு மென்மையாக இருக்கட்டும். பிளக் நேராக நுழைகிறதா என்று பார்த்துக்கொண்டு பிறகு அழுத்தமாக அடியுங்கள். ஒழுங்காக இறங்கும்போது சத்தம் ஒரே மாதிரி வரும், கோணினால் சத்தமும் மாறும். கோணிவிட்டால் அதைத் தட்டி நிமிர்த்தாதீர்கள். எடுத்துப் போட்டுவிட்டு வேறு புதியது எடுங்கள். அதனால்தான் ஒன்றிரண்டு கூடுதலாக வாங்கச் சொல்கிறேன்.

துளையின் வாயில் சாய்வாகச் செதுக்கிய ஓரம் இருக்கும். பிளக்கின் விளிம்பு அந்தச் சாய்வைத் தாண்டி அரை மில்லிமீட்டர் முதல் ஒரு மில்லிமீட்டர் வரை உள்ளே போனதும் நிறுத்துங்கள். அதற்கு மேல் போனால் வார்ப்பின் சுவர் முடிந்து பிடிமானம் குறையும்.

தட்டு வடிவப் பிளக்குக்கு முறையே வேறு. 1900களில் அமெரிக்காவின் வெல்ச் மோட்டார் கார் கம்பெனியில் தோன்றிய வகை இது. புடைத்த பக்கம் வெளியே இருக்கும்படி துளையின் படியில் உட்காரவைத்து, தட்டையான முனையுள்ள தண்டால் நடுவில் அடிக்க வேண்டும். புடைப்பு அடங்கும்போது தட்டு விரிந்து சுவரைக் கவ்வும். தட்டையானதும் நிறுத்த வேண்டும். மேலும் அடித்து உட்குழிவாகிவிட்டால் ஓரம் சுருங்கி இறுக்கம் போய்விடும்.

ரப்பர் பிளக் கிடைக்கிறதே, நட்டு முறுக்கினால் விரிகிறதே?

சுத்தியல் ஓங்க இடமில்லாத மூலைக்கும், அவசரத்துக்கும் அது உதவும். சூட்டில் ரப்பர் இறுகி வெடிப்பு விடும். ஆகையால் தற்காலிகம் என்று தெரிந்துகொண்டு போடுங்கள், அவ்வப்போது பார்த்துக்கொள்ளுங்கள்.

எதை ஊற்றுவது? எப்படிச் சோதிப்பது?

சீலன்ட் பாட்டிலில் சொன்ன நேரம் காயட்டும். கூலன்ட்டும் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரும் பாதிக்குப் பாதி. ஏற்கெனவே தண்ணீர் கலந்து வரும் கூலன்ட் என்றால் அப்படியே ஊற்ற வேண்டும், மேற்கொண்டு கலக்கக்கூடாது. ஹீட்டரைத் திறந்து வைத்து, மூடி இல்லாமல் எஞ்சினை மிதமாக ஓடவிட்டு, தெர்மோஸ்டாட் திறந்து காற்றுக் குமிழிகள் நிற்கும்வரை நிரப்புங்கள். ஆறியதும் மூடியின் இடத்தில் கருவியை மாட்டி அழுத்தச் சோதனையை மறுபடி செய்யுங்கள். முள் கால் மணி நேரம் அசையாமல் நின்றால் நல்லது. அடுத்த சில நாள்கள், காலையில் வண்டியை எடுப்பதற்கு முன் அளவையும் பிளக்கின் ஓரத்தையும் பாருங்கள்.

பட்டறையில் கொடுத்துச் செய்வதாக இருந்தால் என்ன கேட்க வேண்டும்?

பழைய பிளக்குகளை எடுத்து வைக்கச் சொல்லுங்கள். அவற்றின் உட்புறத்தை நீங்களே பாருங்கள், பிளாக்கின் உள்நிலையை அவை சொல்லிவிடும். பித்தளைப் பிளக்கை நீங்களே வாங்கிக்கொடுப்பது மேல். ஜாக்கெட்டைக் கழுவும் கூலியையும் பேசிக்கொள்ளுங்கள், பேசாவிட்டால் அது நடக்காது. முடிந்தால் பிளக் திறந்திருக்கும் நேரத்தில் ஒருமுறை போய் எட்டிப் பாருங்கள். கடைசியில் தண்ணீர் ஊற்றும்போது கட்டாயம் பக்கத்தில் நில்லுங்கள். நல்ல மெக்கானிக்காக இருந்தாலும், கடைப்பையன் பழக்க தோஷத்தில் குழாயடி வாளியைத் தூக்கி வந்துவிடுவான்.